இரவல் வயது

ராக் இசை வாலிபர்களின் சொத்து என்று ஒரு பேச்சு உண்டு. நரைத்தவன் கிட்டாரை மாட்டிக்கொண்டு மேடையேறினால் கேலி செய்வது மேற்கத்தியப் பத்திரிகைகளுக்குப் பழகிப்போன பொழுதுபோக்கு. இந்தக் கேலியை ரோலிங் ஸ்டோன்ஸ் அளவுக்கு வாங்கிக் கட்டிக்கொண்ட குழு வேறில்லை. 1989இல் ‘ஸ்டீல் வீல்ஸ்’ என்ற பெயரில் அவர்கள் சுற்றுப்பயணம் கிளம்பியபோது அதை ‘ஸ்டீல் வீல்சேர்ஸ்’ என்று மாற்றிச் சிரித்தார்கள். அப்போது மிக் ஜாகருக்கு 46 வயது. சக்கர நாற்காலி என்று எழுதியவர்களில் பலர் ரிடையராகிவிட்டார்கள். ஜாகர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறார்.

அந்தப் பேச்சு தொடக்கத்திலேயே தப்பு என்பது என் கட்சி. 1962 ஜூலை 12ஆம் தேதி லண்டன் மார்க்கீ கிளப்பில் இந்தப் பெயரோடு முதன்முறை மேடையேறிய பையன்கள் பாடியவை பையன்களின் பாட்டுகளா என்ன? ஜிம்மி ரீட், எல்மோர் ஜேம்ஸ், சக் பெர்ரி. எல்லாம் அமெரிக்கக் கருப்பினத்தவர்களின் பாட்டுகள். பெயரே மடி வாட்டர்ஸ் 1950இல் போட்ட ஒரு ரெக்கார்டிலிருந்து எடுத்தது. மிசிசிப்பியின் பருத்தித் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஆள் மடி வாட்டர்ஸ். 1941இல் ஆலன் லோமாக்ஸ் என்கிற நாட்டார் பாடல் சேகரிப்பாளர் அவர் குடிசைக்கே போய் அவரைப் பாடவைத்துப் பதிவு செய்தார். தன் குரலைத் தட்டில் கேட்ட பிறகு அவருக்குத் தோட்டத்தில் இருப்புக்கொள்ளவில்லை. 1943இல் சிகாகோவுக்கு ரயிலேறினார். நகரத்து இரைச்சலில் மரக் கிட்டாரின் சத்தம் எடுபடாமல் போகவே எலெக்ட்ரிக் கிட்டாருக்கு மாறினார். கூலியும் அலுப்பும் ஊரைவிட்டு ஊர் வந்தவனின் எரிச்சலும் அந்தக் குரலில் உண்டு. இதற்கும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் படித்துக்கொண்டிருந்த ஜாகருக்கும் என்ன சம்பந்தம்? 1961 அக்டோபரில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையத்தில், சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த கீத் ரிச்சர்ட்ஸ் தற்செயலாக அவரைப் பார்த்தபோது ஜாகரின் கக்கத்தில் இருந்தவை இரண்டு எல்.பி. ரெக்கார்டுகள். ஒன்று சக் பெர்ரி, மற்றது மடி வாட்டர்ஸ். பேச்சு அங்கேதான் ஆரம்பித்தது.

ஆக, வயதான ஆட்களின் பாட்டை இருபது வயதில் இரவல் வாங்கியவர்கள் இவர்கள். அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. 1965 மே மாதம் ‘ஷின்டிக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டபோது ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃபும் பாடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார்கள். மலைபோல ஆறடிக்கு மேல் நிற்கிற ஐம்பத்து நான்கு வயது மனிதர், விரலை நீட்டி நீட்டிப் பாடுகிறார். அமெரிக்கப் பெண்கள் எல்லாம் யாருக்காக அலறினார்களோ அந்தப் பையன்கள் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் காட்சி இப்போதும் பார்க்கக் கிடைக்கிறது. வாலிபர்களின் இசை என்று சொல்கிறவர்கள் அதை ஒரு தடவை பார்க்கலாம்.

எனக்கும் என் கூட்டாளிகளுக்கும் ஸ்டோன்ஸ் வந்து சேர்ந்ததும் இரவலாகத்தான். நெய்வேலி டவுன்ஷிப்பின் அனல் மின் நிலையத்தை ரஷ்யர்கள் கட்டிக்கொடுத்தார்கள். சுரங்கத்தின் பக்கெட் வீல் இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. ரஷ்யர்கள் போனபின் ஊரில் மிஞ்சியவை வழவழப்புத் தாளில் அச்சடித்த புத்தகங்கள். ஜெர்மன்காரர்கள் வழியாக வந்தவை கேசட்டுகள். எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் கைக்கு வந்தது மூலக் கேசட்டுகூட இல்லை, நகலின் நகல். அறுபது நிமிடக் கேசட்டில் எவனோ எழுபது நிமிடப் பாட்டை அடைக்கப் பார்த்திருந்தான். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து, கொஞ்ச நேரம் உஸ்ஸென்ற சத்தம் மட்டும் வரும். எங்களைப் பொறுத்தவரை அந்தப் பாட்டு அங்கேதான் முடிந்தது. ரொம்ப நாள் அதுதான் சரியான முடிவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

நான்கு பேர். டவுன்ஷிப்பில் ஆட்களைப் பெயரைவிட பிளாக் நம்பரால் அடையாளம் சொல்வதுதான் வழக்கம் என்பதால் பெயர்கள் இங்கே வேண்டாம். ஒருவன் பக்கெட் வீல் ஆபரேட்டர். ஒருவன் முதல் அனல் மின் நிலையத்தின் கன்ட்ரோல் ரூமில் இருந்தவன். ஒருவன் கணக்கு வாத்தியார். அவனே கோயில் திருவிழாக்களிலும் கல்யாணங்களிலும் மெல்லிசைக் குழுவுக்கு ட்ரம்ஸ் வாசித்தவன். நான் ஆபீஸ் பைல்களோடு காலம் தள்ளியவன். ஜாகர் பாடுகிற இங்கிலீஷ் எங்களில் யாருக்கும் புரியவில்லை. லண்டன்காரர்களுக்கும் பாதிதான் புரியும் என்று பிற்பாடு தெரிந்து நிம்மதியானோம். ஆனால் காது புதிதில்லை. பேஸ் கிட்டார் என்று ஒன்று பாட்டுக்கு அடியில் தனியாக ஒரு கதை சொல்லிக்கொண்டு போகும் என்பதை இளையராஜா எங்களுக்கு முன்பே பழக்கிவிட்டிருந்தார். அதற்கும் முன்னால், 1964இல் ‘காதலிக்க நேரமில்லை’யிலேயே ட்விஸ்ட்டும் எலெக்ட்ரிக் கிட்டாரும் தமிழ் பேச ஆரம்பித்துவிட்டன. விஸ்வநாதன்–ராமமூர்த்தியின் கூட்டத்தில் ராக் அண்டு ரோல் வாசிக்கத் தெரிந்தவர்கள் அத்தனை பேர் இருந்தார்கள். மதராஸ் ஸ்டூடியோக்களில் வாசித்த கோவாக்காரர்கள், ஆங்கிலோ இந்தியர்கள் பற்றி யாராவது ஒழுங்காக ஒரு புத்தகம் எழுதினால் அதைத் தனியாகப் பேசலாம்.

ஸ்டோன்ஸ் இந்தியாவுக்கு வருகிறார்கள் என்ற செய்தி 2003 தொடக்கத்தில் வந்தது. பெங்களூரில் ஏப்ரல் 4, மும்பையில் ஏப்ரல் 7. அந்த மார்ச் மாதம் நல்லபடியாக இல்லை. ஈராக்கில் போர் தொடங்கியிருந்தது. ஜொகன்னஸ்பர்க்கில் பாண்டிங் 140 அடித்து உலகக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார். சார்ஸ் காய்ச்சலால் ஹாங்காங், சீனக் கச்சேரிகளை ஸ்டோன்ஸ் ரத்து செய்துவிட்டார்கள் என்று பேப்பரில் வந்த அன்று, எடுத்த டிக்கெட்டுக்குக் காசு திரும்ப வருமா என்று கன்ட்ரோல் ரூம்காரன் விசாரிக்கவே தொடங்கிவிட்டான். வீடுகளில் வேறு பிரச்சினை. நாற்பதைத் தாண்டிய குடும்பஸ்தர்கள் சி.எல். போட்டுவிட்டுப் பாட்டுக் கச்சேரி கேட்க பெங்களூர் போவதை எப்படி விளக்குவது? “தாத்தாங்க பாடுறதைக் கேக்க இவ்வளவு தூரமா?” என்று கேட்ட வாத்தியாரின் சம்சாரத்துக்குச் சரியான பதில் எங்களிடம் இல்லை. இந்தக் கட்டுரையைக்கூட அந்தக் கேள்விக்குத் தாமதமாகச் சொல்கிற பதில் என்று வைத்துக்கொள்ளலாம்.

வியாழன் இரவு வடலூர் நாலு ரோட்டில் ஒன்றுசேர்ந்து பஸ் பிடித்தோம். திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி. ரோடு அன்றைக்கு இருந்த லட்சணத்தில் யாரும் தூங்கவில்லை. பயணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

பெங்களூர் அரண்மனை மைதானத்தில் மழை. செம்மண் சேறு கணுக்கால் வரை ஏறியது. கூட்டத்தைப் பார்த்ததும் முதலில் உறைத்தது, எங்களைப் போலவே தொப்பையும் வழுக்கையுமாக எத்தனை பேர் என்பதுதான். ஐம்பது வயதுக்காரர்கள் கல்லூரிக் காலத்து டி-ஷர்ட்டுக்குள் உடம்பைத் திணித்துக்கொண்டு வந்திருந்தார்கள். வடகிழக்கிலிருந்து வந்த பையன்கள் எல்லாப் பாட்டையும் வரிவிடாமல் பாடினார்கள். நாங்கள் வாயைத் திறக்கவில்லை. நகலின் நகலில் கேட்டு வளர்ந்தவனுக்குச் சொற்கள் ஏது?

ஜாகர் ஓடியதைப் பற்றி எல்லாப் பத்திரிகையும் எழுதிவிட்டது. ஓடினார். மேடையின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை, ஐம்பத்தொன்பது வயதில், இரண்டு மணி நேரம். அது உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்களின் சாதனை. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது கீத் ரிச்சர்ட்ஸின் கையை.

பெரிய திரையில் அந்த விரல்களைக் காட்டினார்கள். கணுக்கள் வீங்கி, இஞ்சிக் கிழங்காக இருந்தன. அந்த விரல்களால் வேகமாக எதுவும் செய்ய முடியாது, அவர் செய்யவும் இல்லை. அவருடைய கிட்டாரில் ஆறு தந்திகளுக்குப் பதிலாக ஐந்துதான். ஆகக் கீழ்ச் சுரத்துக்கான தடித்த தந்தியைக் கழற்றிப் போட்டுவிட்டார். மீதி ஐந்தையும் மேற்கில் ஓப்பன் ஜி என்கிற முறையில் சுருதி கூட்டியிருக்கிறார். நம் கணக்கில் சொன்னால், ஜி ஸ்வரத்தைச் சட்ஜமாக வைத்துக்கொண்டு கீழிருந்து மேலே ச, ப, ச, க, ப. தம்புராவை மீட்டிப் பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விரலே வைக்காமல் தந்திகளை வருடினாலும் ஒரு முழு இசைவு கேட்கும். ஒரு விரலைக் குறுக்கே படுக்கவைத்தால் அந்த இசைவு அப்படியே இடம் மாறும். மற்ற விரல்கள் மேலே ஒன்றிரண்டு சுரங்களை வைத்து எடுக்கும். ஆதாரம் எப்போதும் அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கும். இது அவர் கண்டுபிடித்ததல்ல. கருப்பின மக்கள் பாஞ்சோவுக்குக் கூட்டிய சுருதி இது. மிசிசிப்பியின் ப்ளூஸ் கிட்டார்க்காரர்கள் கைக்கு வந்து, அறுபதுகளின் கடைசியில் இவர் கைக்கு வந்தது. குறைவாக வாசிப்பதற்கென்றே செய்துகொண்ட ஏற்பாடு. இருபதுகளிலேயே அதைத் தேர்ந்துகொண்டவருக்கு அறுபது வயதில் விரல் வீங்கினாலும் பெரிய நஷ்டமில்லை.

வாத்தியார் கீத்தைப் பார்க்கவே இல்லை. அவன் கண் முழுக்க சார்லி வாட்ஸ் மேல். வெள்ளை முடி, பாங்க் மேனேஜர் முகம், முன்னால் ஒரு சின்ன ட்ரம் செட். கல்யாணக் கச்சேரிக்கு வாத்தியார் கொண்டுபோகிற செட்டே அதைவிடப் பெரிசு. பாதிக் கச்சேரியில் என் தோளைப் பிடித்து உலுக்கினான். “டேய், கையைப் பாருடா. தூக்குறான் பாரு.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் சொல்லித்தான் பார்த்தேன். காலால் மிதித்தால் மூடித் திறக்கிற இரட்டைத் தட்டு ஒன்று உண்டு, ஹை-ஹாட் என்பார்கள். ராக் ட்ரம்மர்கள் வலது கையால் அதை விடாமல் தட்டிக்கொண்டே இருப்பார்கள். இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் இடது கை ஸ்நேர் ட்ரம்மில் விழும். சார்லி வாட்ஸ் ஸ்நேரில் அடிக்கிற அந்தக் கணத்தில் மட்டும் வலது கையைத் தட்டிலிருந்து தூக்கிவிடுகிறார். இரண்டு கையும் ஒன்றாக விழுவதில்லை. அதனால் ஸ்நேரின் அடி தன்னந்தனியாக, சுற்றி ஒரு சத்தமும் இல்லாமல் கேட்கிறது. ஒவ்வொரு முறையும் கண்ணுக்குத் தெரியாத அளவு ஒரு தாமதம், ஒரு மூச்சு. அவர் ஜாஸ் கேட்டு வளர்ந்தவர், ராக் மீது அப்படியொன்றும் பிரியம் இல்லாதவர். வேறு குழுக்களில் பேஸ் கிட்டார் ட்ரம்ஸோடு பூட்டிக்கொண்டு போகும், மற்றவர்கள் ட்ரம்மரைத் தொடர்வார்கள். இங்கே சார்லி கீத்தைத் தொடர்கிறார். கீத் கொஞ்சம் முன்னால், சார்லி ஒரு இழை பின்னால், பேஸ் இருவருக்கும் நடுவில் எங்கேயோ. சறுக்கிவிடும் போலிருக்கும், சறுக்காது. நகல் எடுக்கிற குழுக்கள் எல்லாச் சுரத்தையும் சரியாக வாசித்தும் ஸ்டோன்ஸ் மாதிரிக் கேட்பதில்லையே, ஏன் என்று பல வருஷமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்த வாத்தியாருக்கு அன்று விடை கிடைத்தது. முன்னாலிருந்த தடுப்புக் கம்பியில் இரண்டு கையாலும் தட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் வலது கை தூக்க மறுத்தது. இருபது வருஷப் பழக்கம் எப்படிப் போகும்?

கேசட்டில் அறுந்துபோகும் அந்தப் பாட்டும் வந்தது. அறுந்த இடத்தைத் தாண்டி ஓடியபோது ஆபரேட்டர் சத்தமாகச் சிரித்தான். பக்கத்திலிருந்த பெங்களூர்க்காரருக்கு எதற்குச் சிரிப்பு என்று விளங்கவில்லை. எங்களுக்கு விளக்கிச் சொல்லவும் தெரியவில்லை. குழுவினரை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தியபோது அதிகம் கைதட்டு வாங்கியது ஜாகர் இல்லை, சார்லிதான். எழுந்து நின்று, தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டவர்போலக் கூச்சத்தோடு கும்பிட்டுவிட்டு உடனே உட்கார்ந்துகொண்டார்.

வாத்தியார் சம்சாரத்தின் கேள்விக்கு வருகிறேன். தாத்தாக்கள் பாடுவதைக் கேட்கத் தமிழனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே 2003ஆம் வருஷம் அக்டோபர் 31இல் செம்மங்குடி சீனிவாசய்யர் காலமானார், தொண்ணூற்றைந்து வயது. தொண்ணூறு வயதிலும் அவர் கச்சேரிக்கு இடம் கிடைப்பது கஷ்டம். அவர் குரல் எந்தக் காலத்திலும் தேனாக இருந்ததில்லை. கரகரப்பு, மூக்கு, அடைப்பு. அந்தக் குரலோடு மல்லுக்கட்டியே ராகத்தை வெளியே இழுப்பார். ரசிகர்கள் அந்த மல்லுக்கட்டைக் கேட்கத்தான் போனார்கள். எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் அறுபது வயதுக் கூத்து வாத்தியார் துரௌபதி வேஷம் கட்டி விடிய விடிய சபதம் போடுவார். முகத்துச் சுருக்கத்தில் அரிதாரம் வெடித்திருக்கும், குரல் தேய்ந்திருக்கும், சனங்கள் அழுதுகொண்டிருப்பார்கள். துரௌபதிக்கு வயதென்ன என்று யாரும் கேட்டதில்லை. வித்வானுக்கு வயது ஏறினால் பாட்டு ஏறும் என்பது நம் காதில் ஊறிய எண்ணம். அந்தக் காதோடு போனதால்தானோ என்னவோ, கேலிப் பத்திரிகைகள் கண்ட தாத்தாக்கள் எங்களுக்குத் தட்டுப்படவில்லை. வாலிபத்தை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர்கள் எழுதினார்கள். அன்று நான் பார்த்தது வேறு. மடி வாட்டர்ஸின் பாட்டை அந்த வயது இல்லாமலே பாடத் தொடங்கியவர்கள், நாற்பது வருஷம் வாசித்து வாசித்து அந்த வயதுக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். வயதாவதற்கு முன்னால் பாடியதுதான் பாவனை. 1981இல் சிகாகோவில் ஒரு சின்ன கிளப்பில் மடி வாட்டர்ஸ் பாடிக்கொண்டிருந்தபோது இவர்கள் போய் மேடையேறி அவரோடு பாடிய படம் இருக்கிறது. அதில் ஜாகர் சிவப்பு உடுப்பில் துள்ளுகிறார், கிழவர் அசையாமல் நின்று ஒரு வார்த்தையை வீசுகிறார். துள்ளல் எல்லாம் காணாமல் போகிறது. ஒன்றரை வருஷத்தில் மடி வாட்டர்ஸ் இறந்துவிட்டார். பெங்களூரில் கீத் அசையாமல் நின்ற இடங்களில் எனக்கு அந்தக் கிழவர் தெரிந்தார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த ஸ்டோன்ஸ்காரர்கள் சிநேகிதர்களா என்றால், சாதாரண அர்த்தத்தில் இல்லை. எண்பதுகளின் நடுவில் ஜாகரும் கீத்தும் பத்திரிகைகள் வழியாகத் திட்டிக்கொண்டார்கள். 2010இல் வெளிவந்த சுயசரிதையில் கீத் ஜாகரைப் பற்றி எழுதியவை, நம் ஊரில் என்றால் பேச்சுவார்த்தையே அறுந்துபோகிற ரகம். தனித்தனி நாடுகளில் வாழ்கிறார்கள். வேலை என்று வந்தால் கூடுகிறார்கள். இயன் ஸ்டூவர்ட் என்று ஒருவர் இருந்தார். குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர், பியானோ. 1963இல் புதிதாக வந்த மேனேஜர், இந்தத் தாடைக்காரர் போஸ்டரில் எடுபடமாட்டார், ஐந்து பேருக்கு மேல் ரசிகைகளுக்கு முகம் நினைவிருக்காது என்று அவரைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார். ஸ்டூவர்ட் கோபித்துக்கொண்டு போகவில்லை. வேன் ஓட்டினார், பெட்டி தூக்கினார், பிடித்த பாட்டுகளுக்குப் பியானோ வாசித்தார், 1985இல் சாகும்வரை. நான்கு வருஷம் கழித்து ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் ஸ்டோன்ஸைச் சேர்த்தபோது அவர் பெயரையும் உறுப்பினராகப் போடவைத்தார்கள். அவரைத் தள்ளியது சரியில்லை என்று எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. அவருக்கு இருந்ததா என்று தெரியாத கோபம்.

எங்கள் கதைக்கு வந்தால், டவுன்ஷிப்பில் வயது என்பது சர்வீஸ் ரெஜிஸ்டரில் எழுதியிருப்பது. அறுபது முடிகிற மாதத்தின் கடைசி நாள் மாலை போட்டு, சால்வை போர்த்தி, வீடுவரை கூட்டிவந்து விடுவார்கள். பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். முருங்கையும் கொய்யாவும் வைத்து வளர்த்த தோட்டம் அடுத்தவருக்குப் போகும். வடலூர், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி, கடலூர் என்று ரிடையரானவர்கள் வீடு கட்டிக்கொண்டு சிதறுவார்கள். ஆட்களுக்கு மட்டுமல்ல, இயந்திரத்துக்கும் இதே சட்டம்தான். முதல் அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட்டும் ரோலிங் ஸ்டோன்ஸும் 1962ஆம் வருஷத்துப் பிறப்புகள். 600 மெகாவாட் கொடுத்துக்கொண்டிருந்த அந்த நிலையம் 2020 செப்டம்பரோடு நின்றுவிட்டது. கன்ட்ரோல் ரூம்காரன் அன்றைக்கு எங்களுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினான்: “ஜாகர் ஜெயிச்சுட்டாண்டா.”

ஒரே ஷிப்ட், ஒரே சங்குச் சத்தம், ஒரே கேன்டீன் டீ என்று முப்பத்தைந்து வருஷம் எங்களைக் கட்டிவைத்திருந்தது போன பிறகு நால்வருக்கும் பேச என்ன இருக்கும் என்ற பயம் எனக்கு இருந்தது. ரிடையரானவர்கள் சந்தித்தால் சுகர் அளவு, பென்ஷன், பிள்ளைகளின் சம்பளம். இந்த மூன்றும் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்கப்புறம் பேசுவதற்கு எங்களுக்கு வாய்த்தது, ஒரு மழைநாள் சேற்றில் நின்று பார்த்த ட்ரம்மரின் வலது கை. பாசம் மட்டும் இருந்து இவ்வளவு தூரம் வந்திருப்போமா என்பது சந்தேகம். சண்டை போட ஒரு பொருள் வேண்டியிருந்தது.

2021 ஆகஸ்ட் 24ஆம் தேதி சார்லி வாட்ஸ் இறந்தார், எண்பது வயது. ஒரு மாதத்தில் ஸ்டீவ் ஜோர்டான் என்ற ட்ரம்மரோடு ஸ்டோன்ஸ் அமெரிக்கச் சுற்றுப்பயணம் கிளம்பினார்கள். சார்லியே பரிந்துரைத்த ஆள்தான். வாத்தியாருக்கு அது செல்லாது. ஸ்டோன்ஸ் முடிந்துவிட்டது என்று அறிவித்துவிட்டான். ஆபரேட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. சாயங்காலங்களில் வடலூரில் வள்ளலாரின் சபையைச் சுற்றிய பெருவெளியில் நடக்கிறபோது இந்த வழக்கு இரண்டு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது.

“ஷிப்ட் மாறினா பக்கெட் வீல் நின்னுடுமா மாப்ள?” என்பான் ஆபரேட்டர். “இங்கயே பாரு. 1867இல வள்ளலார் மூட்டின அடுப்பு. இன்னைக்கும் தர்மசாலையில அதே அடுப்புதான் எரியுது. மூட்டினவங்க, வெறகு வெச்சவங்க யாராவது இருக்காங்களா?”

“அடுப்பு அதேதாண்டா. கை மாறினா சாம்பார் மாறும்.”

இரண்டு பேர் சொல்வதும் எனக்கு நியாயமாகப் பட்டதால் இரண்டு பேரிடமும் திட்டு வாங்கினேன். தொலைபேசியில் பிள்ளை வீட்டிலிருந்து கலந்துகொள்ளும் கன்ட்ரோல் ரூம்காரன் எப்போதும் கடைசியாகப் பேசியவன் பக்கம்.

2023 அக்டோபர் 20இல் ‘ஹாக்னி டயமண்ட்ஸ்’ வெளிவந்தது, பதினெட்டு வருஷம் கழித்து ஸ்டோன்ஸ் சொந்தப் பாட்டுகளோடு போட்ட ஆல்பம். சார்லி இறப்பதற்கு முன் வாசித்துவைத்த இரண்டு பாட்டுகள் அதில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு, முப்பது வருஷத்துக்கு முன்பே விலகிப்போன பில் வைமன் திரும்பி வந்து பேஸ் வாசித்திருக்கிறார். வாத்தியார் அந்த இரண்டை மட்டும் கேட்டுவிட்டு நிறுத்திக்கொண்டான். கடைசிப் பாட்டையும் கேட்கச் சொன்னேன். முடியாது, புது ஆளின் அடி காதில் விழக்கூடாது என்றான். அதில் ட்ரம்ஸே இல்லை என்று சொன்ன பிறகுதான் ஹெட்போனை வாங்கிக்கொண்டான்.

அது மடி வாட்டர்ஸின் பாட்டு, குழுவுக்குப் பெயர் கொடுத்த அதே பாட்டு. அறுபது வருஷமாக அவர்கள் ஸ்டூடியோவில் பதிவுசெய்யாமல் விட்டுவைத்தது. வாசிப்பது இரண்டே பேர்: கீத்தின் கிட்டார், ஜாகரின் குரலும் மவுத் ஆர்கனும். எண்பது வயதுக் குரல், பிசிறு தெரிகிறது, அதை மறைக்க அவர்கள் மெனக்கெடவில்லை. வாத்தியார் மூன்று தடவை கேட்டான். நாலாவது தடவைக்குத் தொடையில் தட்ட ஆரம்பித்தான். ஆபரேட்டர் குனிந்து அவன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றான் வாத்தியார் ஹெட்போனைக் கழற்றி.

“அப்ப ட்ரம்மரே வேணாங்கிறே?” என்றான் ஆபரேட்டர்.

அன்றைக்கு நடை எட்டரை மணிவரை நீண்டது.